நரம்பு டாக்டர்

"யக்கா, ஒண்ணு சொல்வேன், கோச்சுக்கக் கூடாது" என்று காஷிஃப் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னபோதே, ஏதோ வில்லங்கம் வருகிறது என்று அனுப்ரியாவுக்குப் பட்டுவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டுப் பேசுகிற ஆள் இல்லை அவன். கடை வாசலில் உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டே கிரிக்கெட் பேசுவான், மெட்ரோவுக்குத் தோண்டுகிறவர்களைத் திட்டுவான், எவளுடைய மாமியார் எவளை என்ன சொன்னாள் என்பது வரைக்கும் வந்துவிடுவான். ஊசி மட்டும் நிற்காது.

"சொல்லு."

"நான் சொல்லலக்கா. பை கடை ஜெயராம் அண்ணன் சொன்னாரு. அவராண்ட உங்க ஊர்க்காரர் யாரோ சொல்லிக்கிறாரு. நம்ம தம்பிக்கு..." சுற்றுமுற்றும் பார்த்தான். "நரம்புத் தளர்ச்சியாமே?"

அவன் குரலைத் தாழ்த்திய விதத்திலேயே அது எந்தத் தளர்ச்சி என்று தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் மஞ்சள் நோட்டீஸாக ஒட்டியிருக்குமே, அந்தத் தளர்ச்சி. ஊர் அடங்கியபிறகு டி.வி.யில் ஒருவர் 'இளமையில் செய்த தவறுகளால்' என்று ஆரம்பிப்பாரே, அது.

"இதுல வெக்கப்பட இன்னாக்கா கீது? என் மச்சானுக்கே இருந்துச்சு. எழும்பூர் லாட்ஜுல ஒரு வைத்தியர் மாசத்துக்கு ஒரு தபா வந்து குந்துவாரு. லேகியம் குட்த்தாரு. இப்பப் பாரு, ரெட்டப் புள்ள. அதுங்கள வெச்சிகினு தூக்கமே இல்லாம கெடக்கான்."

சிரிப்பதா அழுவதா என்று அவள் யோசிப்பதற்குள் ஒரு அம்மாள் மாம்பழக் கலர் புடவையோடு படியேறி வந்துவிட்டாள். ஆகவே இரண்டும் நடக்கவில்லை.

ரங்கநாதன் தெருவிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் இருந்தது கடை. போர்டில் 'மேட்சிங் சென்டர்' என்று இருந்தாலும் தெருவில் அதற்குப் பேர் உடன்குடிக்காரர் கடை. புடவைக்குத் தோதான பிளவுஸ் துணி, லைனிங், உள்பாவாடை, ஃபால்ஸ், அவ்வளவுதான் சரக்கு. அப்பா ஜவஹர் கல்லாவில் இருப்பார். துணிப் பக்கம் முழுக்க அனுப்ரியாவினுடையது. அவள் காலேஜ் முடித்த வருஷம், 'ரெண்டு மாசம் கூட இரு தாயி' என்று அப்பா கூப்பிட்டார். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அந்த இரண்டு மாசம் முடிந்தபாடில்லை.

அவளுக்குக் கண் அப்படி. கத்தரிப்பூ, வாடாமல்லி, ஊதா மூன்றும் ஒன்றுதான் என்று சொல்கிற ஆண்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை. கட்டிய புருஷன் நாகராஜும் அதில் சேர்த்தி. புடவையை ஒருதரம் விரித்துப் பார்த்தாளானால் போதும், நூற்றுக்கணக்கான மடிப்புகளுக்குள் கையை விட்டு அதற்குத் தோதான துணியை உருவிவிடுவாள். ஆனால் வாங்குகிறவர்கள் நம்ப வேண்டுமே. "அதே கலர்தானேம்மா?" என்பார்கள். அதேதான் என்பாள். "கொஞ்சம் டார்க்கா தெரியலை?" இல்லை என்பாள். பில் போடும்போது இன்னொரு தரம் கேட்பார்கள். காசு கொடுத்து, பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கியபிறகு எப்படியோ நம்பிக்கை வந்துவிடும்.

தம்பி ஒருவன்தான் எதைக் கொடுத்தாலும் நம்பாதவன்.

ஆனந்தகுமார். வீட்டில் குமாரு. தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பாதி நாள் மந்தைவெளி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரைத் தட்டுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஏதோ வெளிநாட்டுப் பையன், இவன் வயசுதான், நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். முதலில் கட்டைவிரல் சும்மா துடித்ததாம், அப்புறம் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லையாம், அப்புறம் நடக்க முடியவில்லையாம். தசைகளுக்கு உத்தரவு போடுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வியாதி. மருந்து கிடையாது. ஏ.எல்.எஸ். என்று மூன்றெழுத்துப் பேர். குமாரு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்த்தான். பார்த்தால் துடிக்காத விரல் உண்டா? துடித்தது.

அன்றைக்குப் பிடித்தது. கட்டைவிரலிலிருந்து கெண்டைக்காலுக்கு வந்தது, கெண்டைக்காலிலிருந்து இமைக்குப் போனது. குதிகாலில் மட்டும் நின்று ஹாலிலிருந்து சமையல்கட்டு வரை நடப்பான், நுனிக்காலில் திரும்பி வருவான். கால் பலம் இருக்கிறதா என்று பரீட்சையாம். "என்ன பங்கஜம், உங்காத்துல யாராவது பரதம் கத்துண்டு இருக்காளா? தலைக்கு மேல தொம் தொம்ங்கறதே" என்று கீழ்வீட்டு மாமி அம்மாவைக் கேட்டுவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று, வாயைத் திறந்து, போன் வெளிச்சத்தில் நாக்கு நெளிகிறதா என்று பார்ப்பான். தண்ணீர் பாட்டில் மூடி இறுக்கமாக இருந்தால் அன்றைய பொழுது போச்சு.

அம்மா அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில், பல்லி விழுகிற பலனுக்குப் பக்கத்தில், அங்கம் துடிக்கிற பலன் இருக்கிறதே, அதை எடுத்து வைத்துக்கொண்டாள். "வலது கெண்டைக்கால் துடிச்சா பிரயாணம்னு போட்டுருக்கு ராசா. ஆபீஸ்ல உன்னைய ஃபாரின் அனுப்பப் போறாவ, பாரு."

"எல்லா எடமும் துடிக்குதும்மா."

"அப்ப எல்லாப் பலனும்தாம்."

மற்ற நேரமெல்லாம் அக்காதான். காலையில் அப்பாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போக வருவாளே, அப்போது பிடித்துக்கொள்வான். கையை நீட்டி, "அழுத்துக்கா, நான் எதுத்துத் தள்றேன்" என்பான். கடையிலிருந்து இஞ்ச் டேப் கொண்டுவரச் சொல்லி, இரண்டு கெண்டைக்காலையும் அளக்கச் சொன்னான். அக்கா அளந்தால் நூல் பிசகாது என்று அவனுக்குத் தெரியும். முதல்நாள் உள்ளது உள்ளபடி சொன்னாள். இடது கால் ஒரு நூல் குறைவு. அவ்வளவுதான், தசை கரைகிறது என்று இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. பிறகு எப்போது அளந்தாலும் இரண்டும் சரிசமமாகவே இருந்தன. பிளவுஸ் துணியில் ஒரு விரல்கடை கூடக் குறைய வெட்டாதவள், தம்பியின் காலில் தினம் தினம் பொய்க்கணக்குச் சொன்னாள்.

கடையில் இருக்கும்போது போன். "அக்கா, மாடி ஏறும்போது வலது கால் லேசா இழுத்துச்சு. இது வீக்னஸா, டயர்டா?" டயர்டுடா. "இல்லக்கா, டயர்டா இருந்தா ரெண்டு காலும்தானே இழுக்கணும்?" எதிரில் ஒரு அம்மாள் அதே கலர்தானா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே வாயால் ஆமாம் ஆமாம் என்பாள். சாயங்காலம் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது, சரியா என்று பிள்ளை கேட்டால், பார்க்காமலே சரி என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு நாள், உண்மையாகவே ஏதாவது இருந்து தொலைத்தாலாவது ஒரு வழி தெரியுமே என்றுகூட நினைத்துவிட்டாள். நினைத்த கையோடு வடபழனி முருகனுக்கு ஒரு அர்ச்சனை வேண்டிக்கொண்டாள்.

அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினார்கள். சுத்தியலால் முட்டியைத் தட்டி, ஊசி குத்தித் தசைக்குள் ஓடுகிற மின்சாரத்தைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொன்னார். "காபியக் குறை, தூங்கு, போன மூடு." குமாரு வெளியே வந்து இரண்டு மசால்தோசை தின்றான். அவன் அப்படித் தின்று எத்தனையோ நாளாயிற்று என்று அம்மாவுக்குக் கண் கலங்கியது. வீடு வந்து சேருவதற்குள், "நாக்குல ஊசி குத்தலியே" என்றான். மயிலாப்பூரில் இன்னொருவர். அவரும் அதே பரிசோதனை, அதே பதில். ஆனால் அவர் கொஞ்சம் வயசானவர், உட்கார வைத்துப் பேசினார். "தம்பி, உன் நரம்பு நல்லா இருக்கு. பயம்தான் நல்லா இல்ல. அதுக்கு வேற டாக்டர் இருக்காங்க" என்று மந்தைவெளியிலேயே ஒரு மனநல டாக்டர் பேரை எழுதிக்கொடுத்தார்.

"பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டரா?" என்று அப்பா கேட்டார். ஆனால் போகும்போது தானும் கூட வந்தார். வாசலில் பெட்டிக்கடை ஓரமாக, வேறு யாருக்கோ காத்திருக்கிறவர்போல நின்றுகொண்டார்.

டாக்டர் ஷ்ரேயா சின்னப் பெண். அக்காவும் வரட்டும் என்று அவள்தான் கூப்பிட்டனுப்பினாள்.

"அவர் கேட்டதும் நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்வீங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "சொன்னதும் உங்களுக்கு எப்படி இருக்கும் ஆனந்த்?"

"நல்லாருக்கும் டாக்டர்."

"எவ்ளோ நேரம்?"

குமாரு யோசித்தான். "அக்கா போன வெக்கிற வரைக்கும்."

"அரிப்பு எடுக்கற எடத்துல சொறிஞ்சா சுகமாத்தான் இருக்கும். புண்ணு ஆறாது. நீங்க உங்க அக்காவ வெச்சு சொறிஞ்சுக்கறீங்க."

"அப்ப நான் நகமா டாக்டர்?" என்றாள் அனுப்ரியா. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபிறகு டாக்டர் சொன்னதுதான் கஷ்டம். இனிமேல் 'ஒண்ணும் இல்லடா' கிடையாது. காலை அளப்பது கிடையாது, கையை அழுத்துவது கிடையாது. பயம் வந்தால் வரட்டும், யாரும் விசிறாமல் விட்டால் தானே ஏறித் தானே இறங்கும், அது இறங்குவதை அவன் ஒருதரம் முழுசாகப் பார்க்க வேண்டும். வேறு விஷயம் என்றால் முதலில் மெசேஜ் போடட்டும். மெசேஜ் இல்லாமல் போன் அடித்தால் எடுக்க வேண்டாம்.

"செத்துரலாம் போல இருக்குன்னு எப்பவாவது சொன்னா அது வேற. அப்ப உடனே எடுங்க, எனக்கும் சொல்லுங்க."

"சாகக் கூடாதுன்னுதானே டாக்டர் இவ்ளோ பாடு" என்றான் குமாரு. படியிறங்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கூப்ட்டா எடுக்காதக்கா. எவ்ளோ கூப்ட்டாலும்" என்று அவனே சொன்னான்.

எடுக்காமல் இருப்பது எடுப்பதைவிட அலுப்பு என்று அவளுக்கு அப்போது தெரியாது. போன் அடித்து ஓய்கிற வரைக்கும் துணியை மடிக்கக் கை வராது. ஆனால் மெதுவாக ஏதோ மாறத்தான் செய்தது. அடிப்பது குறைந்தது. அவன் கெண்டைக்காலைப் பார்க்காமல் அரை டவுசர் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பால் வாங்கினான். ஆபீசுக்கு நேரில் போகத் தொடங்கினான். போன ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் ராகேஷோடு கொட்டிவாக்கம் கடற்கரைக்குப் போய், பந்து விளையாடி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். அந்தச் சிராய்ப்பைப் பற்றி யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மா பஞ்சாங்கத்தைப் பரண்மேல் போட்டாள்.

இந்த நேரத்தில்தான் காஷிஃப் லேகியம் சொல்கிறான்.

மாம்பழக் கலர் அம்மாள் போனதும் அனுப்ரியா கல்லாவுக்குப் போய் நின்றாள். "அப்பா. ஊர்க்காரங்க யார்கிட்டயாவது தம்பியப் பத்தி ஏதாவது சொன்னீங்களா?"

"எதுக்குக் கேக்குத?"

"சொல்லுங்க."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நங்கநல்லூர்ல கல்யாணத்துக்குப் போனேம்லா. அங்க நம்ம பரமன்குறிச்சி அண்ணாச்சி பக்கத்துல உக்காந்துட்டாவ. 'மந்தவெளில அந்த ஆஸ்பத்திரி வாசல்ல உங்களப் பாத்தேன், யாருக்கு என்ன'ன்னு கேட்டாவ. நான் என்னத்தச் சொல்ல? மனசு டாக்டர்னு சொன்னா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? பையன நரம்பு டாக்டர்ட்டக் காட்டுதோம்னேன். அது பொய்யா? ரெண்டு நரம்பு டாக்டர்ட்டக் காட்டத்தானே செஞ்சோம்?"

"அவ்ளோதான் சொன்னீங்களா?"

"வயசுப் பையம்லா, கல்யாணத்துக்கு முன்னால சரி பண்ணிரணும்லா, அதான்னேன். அவியளும் 'ஆமா ஆமா, நல்ல காரியம்'னு என் தோளத் தட்டிக்குடுத்தாவ. ரொம்ப அனுசரணையாப் பேசுனாவ தாயி."

அனுப்ரியா பில் புத்தகத்தின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். விஷயத்தை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலிலிருந்து காஷிஃப் "அண்ணாச்சி, எழும்பூர் வைத்தியர் அட்ரஸ் வோணுமா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்டான். அப்பாவின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அன்று மீதிப் பொழுது முழுக்க எல்லோருக்கும் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, அப்பாவை ஏற்றிக்கொள்ள அவள் மாடியேறினபோது கதவு திறந்தே கிடந்தது. அப்பா இட்லித் தட்டின் முன்னால், கையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா சட்னிக் கரண்டியோடு நின்றாள். குமாரு இரண்டு பேருக்கும் நடுவில், கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகத்தோடு நின்றான்.

"அடையாறு டாக்டர் உங்ககிட்ட தனியா என்னப்பா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலியேல."

"அப்புறம் எப்படி ஊர்ல அத்தன பேருக்கும் தெரியும்? ராகேஷ் நேத்து போன் பண்றான். மச்சி, உனக்கு நரம்புத் தளர்ச்சியாமே, எங்கம்மா வரைக்கும் வந்துருச்சுடாங்கறான். சிரிக்கறான். என் நரம்பு தளர்ந்துருச்சுன்னு ராகேஷோட அம்மாவுக்குத் தெரிஞ்சுருக்கு. எனக்கு மட்டும் நீங்க சொல்லல."

அனுப்ரியாவுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. தி.நகரிலிருந்து நங்கநல்லூர் வரை அந்த வார்த்தையை எல்லோரும் ஒரு மாதிரியாகத்தான் கேட்டார்கள். இவன் ஒருவன்தான் எழுத்துக்கு எழுத்து, நேர் அர்த்தத்தில் கேட்டிருக்கிறான். இத்தனைக்கும் காலேஜ் படிக்கையில் அந்த மஞ்சள் நோட்டீஸைச் சுவரிலிருந்து கிழித்து ராகேஷின் பையில் போட்டவனே இவன்தான்.

"அது அந்தத் தளர்ச்சி இல்ல ராசா" என்றாள் அம்மா.

"எந்தத் தளர்ச்சி?"

"இது வேற."

"வேறன்னா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா இட்லியைப் பார்த்தார்.

"நரம்புன்னா நெர்வ். தளர்ச்சின்னா வீக்னஸ். நெர்வ் வீக்னஸ். இதுல வேற என்னம்மா இருக்கு? டெஸ்ட்ல வந்துருக்கு, அவர் அப்பாகிட்ட சொல்லிருக்காரு, நீங்க எல்லாரும் சேந்து என்னைய மனசு டாக்டர்கிட்ட அனுப்பி..." தன் வலது கையைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டான், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. "எவ்ளோ நாள் இருக்குன்னாவது சொல்லுங்கப்பா."

"எய்யா, என்ன பேச்சு இது" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். பெற்ற பிள்ளையிடம், பெண்டாட்டியும் மகளும் நிற்க, அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல அப்பாவால் ஆகாது.

அனுப்ரியா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "குமாரு. செவுத்துல ஒட்டியிருக்குமே, மஞ்சள் நோட்டீஸு. லாட்ஜு. லேகியம். அது."

அவன் முழித்தான்.

"உனக்கு ஆம்பளத்தனம் இல்லன்னு ஊர்ல பேசிக்கறாங்கடா. போதுமா? மனசு டாக்டர்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அப்பா நரம்பு டாக்டர்னு சொல்லிட்டாரு. அதை அவங்க அப்படி எடுத்துக்கிட்டாங்க. அவ்ளோதான் கதை."

"சீ, ஏட்டி!" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள்.

குமாருவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. "அதுவா?" என்றான். "அது மட்டும்தானா?"

"அது மட்டும்தானாவா?" அப்பாவுக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. "ஏல, குடும்ப மானமே கப்பலேறிப் போயிட்டு. கடைத்தெருவுல நான் தலைய நீட்ட முடியல. அது மட்டும்தானான்னு கேக்குத?"

"போனாப் போவுதுப்பா! நீங்க மைக் வெச்சுக்கூடச் சொல்லுங்க." சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். ஆம்பளையே இல்லை என்று ஊர் சொன்னதைக் கேட்டு இப்படிப் பூரித்துப்போன ஆம்பளை இந்தப் பட்டணத்திலேயே வேறு யாரும் இருக்க மாட்டான். தடாலென்று உட்கார்ந்து அப்பா தட்டிலிருந்த இட்லியை எடுத்துத் தின்றான். "அப்ப டாக்டர் ஒண்ணும் சொல்லல."

"சொல்லல" என்றார் அப்பா.

"சத்தியமா?"

வேண்டாம் என்று அனுப்ரியா கண்ணைக் காட்டுவதற்குள், "அந்தத் திருச்செந்தூரான் மேல சத்தியமாச் சொல்லுதேன், உனக்கு ஒண்ணும் இல்லல" என்று அப்பா சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, எவ்வளவோ நாளைக்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு நல்லது செய்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை என்னவென்று கோபித்துக்கொள்வது?

கீழே ஸ்கூட்டியைத் திருப்பும்போது குமாரு படியிறங்கி ஓடிவந்தான். சிரிப்பு இன்னும் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, கண்ணிலிருந்து போய்விட்டிருந்தது.

"அக்கா. ஒரே ஒரு கேள்வி."

"கேக்காதடா."

"இது அந்த மாதிரி கேள்வி இல்ல. பொய்தான் சொல்லணும்னா அப்பா வயிறுன்னு சொல்லிருக்கலாம். மூட்டுவலின்னு சொல்லிருக்கலாம். எவ்ளோவோ இருக்கு. ஏன் நரம்புன்னு அவர் வாயில வந்துச்சு?"

பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். அனுப்ரியா ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள்.

பனகல் பார்க் சிக்னலில் நிற்கும்போதே பையில் போன் அடித்தது. "அடிக்குது தாயி." "தெரியும்பா." கடையைத் திறந்து, சாமி படத்துக்குச் சரம் போட்டு, நேற்றுக் கலைந்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் அடித்தது. மெசேஜ் ஒன்றும் வரவில்லை. வேறு விஷயமாக இருந்தால் போட்டிருப்பான், அவன் அதில் சுத்தம். ஆகவே அந்த ஒரு கேள்விதான். பதில் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. பாவம், அப்பாவுக்கு அந்த வார்த்தைதான் கிடைத்தது, இந்த இரண்டு வருஷமாக நம் வீட்டில் நரம்பு என்பதைத் தவிர வேறு என்ன பேசினோம் என்று சொன்னால் முடிந்தது. அரை நிமிஷம். அவன் 'ஓ, ஆமால்ல' என்பான். மத்தியானத்துக்கு வேறொன்று கேட்பான். நாளைக்கு இஞ்ச் டேப்பைக் கொண்டுவா என்பான். கொட்டிவாக்கத்தில் பந்து விளையாடினவனை மறுபடி முதல் படியிலிருந்து ஏற்றிக்கொண்டுவர வேண்டும். அதற்குத் தன்னிடம் இன்னொருதரம் தெம்பு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு கேரளத்து அம்மாள் வெங்காயக் கலர் புடவையோடு வந்து உட்கார்ந்தாள். அனுப்ரியா கட்டுகளை இறக்கிப் போட்டாள். போன் மூன்றாம் தரமாக அடித்தது.

"யக்கா, போனு அட்ச்சிகினே கீது" என்றான் காஷிஃப்.

"கேக்குது."

"எடுத்துப் பேசிக்கோங்கோ, எனக்கு அவசரமில்லை" என்றாள் அந்த அம்மாள் தயவாக.

"இல்லம்மா, பரவால்ல. இத பாருங்க, இது கரெக்டா வரும்."

அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த கையோடு திரும்ப அடித்தது. அப்பா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எடு தாயி. பிள்ள துடிச்சிட்டு இருப்பான். வேண்டாத வார்த்தையச் சொன்னவன் நாம்லா. நீ எடுத்து 'ஒண்ணும் இல்லய்யா'ன்னு ஒரு வார்த்த சொல்லிரு. இன்னைக்கு ஒரு நாள். நாளையிலேர்ந்து எடுக்காத."

"இன்னைக்குத்தாம்பா எடுக்கக் கூடாது."

"அப்ப நான் பேசுதேன், குடு."

அவர் கை நீண்டது. அந்தக் கையில் காலையில் முருகன்மேல் அடித்த சத்தியம் தயாராக இருந்தது. அனுப்ரியா வெங்காயக் கலர்த் துணிகளுக்கு மேல் போனைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உக்காருங்கப்பா" என்றாள். "அது ஏறி இறங்கட்டும்."

அப்பா உட்காரவில்லை. கையையும் மடக்கவில்லை. காஷிஃப் மெஷினை நிறுத்தியிருந்தான். அவளுடைய உள்ளங்கைக்கு அடியில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.